கலாசாரப் பின்னணிக்கு ஸ்டாட் போனஸ் கொடுக்கலாமா, கூடாதா?

கரும்பகடை:

வணக்கம் நண்பர்களே. டி&டி (டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ், பகடை உருட்டி ஆடுற கதை ஆட்டம்) 2014 விதிகளை அடிப்படையா வச்சு சொந்தமா ஒரு உலகம் எழுதிட்டு இருக்கேன். எல்ஃப், டுவார்ஃப், ஆர்க் யாரும் கிடையாது, எல்லாரும் மனுஷங்கதான். அதனால புத்தகத்துல 'ரேஸ்' (இனம்) இருக்கிற இடத்துல நாலு கலாசாரத்தை வச்சிருக்கேன். இப்போதைக்குக் கணக்கு இப்படி (ஸ்டாட்னா கேரக்டரோட ஆறு எண்: ஸ்ட்ரெங்த் பலம், டெக்ஸ்டெரிட்டி லாகவம், கான்ஸ்டிட்யூஷன் உடல் உறுதி, இன்டெலிஜென்ஸ் அறிவு, விஸ்டம் விவேகம், கரிஸ்மா வசீகரம்):

கல்மேட்டார்: மலைச்சுரங்கம், கல்லுடைப்பு, படிக்கட்டு வயல். கான்ஸ்டிட்யூஷன் +2, ஸ்ட்ரெங்த் +1.
புல்வெளியார்: குதிரை, கூடாரம், பருவத்துக்கு ஒரு இடம். டெக்ஸ்டெரிட்டி +2, விஸ்டம் +1.
உப்பங்கழியார்: உப்பளம், படகு, கடன் வியாபாரம். கரிஸ்மா +2, டெக்ஸ்டெரிட்டி +1.
மதில்நகரார்: கோட்டை, ஏடு, நீதிமன்றம். இன்டெலிஜென்ஸ் +2, கரிஸ்மா +1.

கேரக்டர் உருவாக்கம் 27 பாயின்ட் பை (27 புள்ளியைச் செலவழிச்சு ஸ்டாட்களை வாங்குறது). லெவல் 1ல தொடங்கி 8ல முடியற கதை. அஞ்சு பேர் ஆடுவாங்க.

இடிக்கிற இடம் ரெண்டு. ஒண்ணு, இப்படி வச்சா விசார்ட் (மந்திரவாதி) ஆட நினைக்கிற எல்லாரும் மதில்நகரத்துலேயே பிறப்பாங்க. கல்மேட்டு விசார்ட் ஆடணும்னு நினைக்கிறவர் தண்டம் கட்டணும். ரெண்டாவது, போனஸை மொத்தமா எடுத்துட்டா கலாசாரம்ங்கிறது கேரக்டர் ஷீட்டுல வெறும் பேரா நின்னுடும், அதுக்கப்புறம் ஆட்டத்துல யாரும் அதை நினைச்சே பார்க்க மாட்டாங்க. 2024 விதியில ஸ்டாட் போனஸை பேக்கிரவுண்டுக்கு (கேரக்டரோட முன்வாழ்க்கை) மாத்திட்டாங்களே, அதை அப்படியே எடுத்துக்கிட்டா பிரச்சினை தீருமா? விதி வடிவமைப்புல அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

இருபதுமுகம்:

எண்ணை முதலில் பார்த்துவிடுவோம். "+1 தானே, வெறும் 5 சதவீதம்" என்று சொல்லித்தான் இந்தப் பேச்சை எல்லா இடத்திலும் முடித்துவிடுகிறார்கள். அது சரியான கணக்கு அல்ல.

27 பாயின்ட் பையில் ஒரு ஸ்டாட்டை அதிகபட்சம் 15 வரைதான் வாங்க முடியும். உங்கள் அட்டவணைப்படி மதில்நகர் விசார்டுக்கு இன்டெலிஜென்ஸ் 17, மாடிஃபையர் (பகடையோடு கூட்டும் எண்) +3. கல்மேட்டு விசார்டுக்கு 15, மாடிஃபையர் +2. லெவல் 1ல் ஸ்பெல் சேவ் டிசி (மந்திரத்திலிருந்து தப்ப எதிரி பகடையில் எட்ட வேண்டிய எண்) ஒருவருக்கு 13, மற்றவருக்கு 12. தினமும் தயார் செய்யும் மந்திரங்கள் ஒருவருக்கு 4, மற்றவருக்கு 3.

லெவல் ஏறினால் சரியாகிவிடுமா? விசார்டுக்கு ஸ்டாட் உயர்வு 4, 8, 12 என்ற லெவல்களில் வருகிறது. 15ல் தொடங்கியவர் ஒவ்வொரு முறையும் +2 போட்டால் 17, 19, பிறகு 12வது லெவலில்தான் 20. 17ல் தொடங்கியவர் 4வது லெவலில் இன்டெலிஜென்ஸ் +1 தரும் ஒரு ஃபீட்டை (சிறப்புத் திறன்) எடுத்து 18க்கு வருகிறார், 8வது லெவலில் 20. அதாவது அவர் கையில் ஒரு ஃபீட்டின் பயனும் கூடுதலாக நிற்கிறது. இருவரின் மாடிஃபையரும் 12வது லெவலில்தான் சமமாகிறது. உங்கள் கதை 8ல் முடிகிறது. கல்மேட்டு விசார்டை ஆடுபவர் முதல் நாள் வாங்கிய அந்த ஒரு புள்ளிப் பள்ளத்தைக் கதை முடியும்வரை சுமப்பார்.

வாள் வீசுபவர்களுக்கும் இதே கதை. ஏசி (தாக்குதல் பட எட்ட வேண்டிய எண்) 15 உள்ள எதிரி, லாங்ஸ்வார்ட், லெவல் 1. மாடிஃபையர் +3 என்றால் தாக்குதல் +5, பட வாய்ப்பு 55 சதவீதம், பட்டால் சராசரி 7.5 சேதம். மாடிஃபையர் +2 என்றால் 50 சதவீதம், 6.5 சேதம். பெருக்கிப் பார்த்தால் ஒரு வீச்சுக்கு 4.1 எதிர் 3.25. கிரிட்டிகலையும் (20 விழுந்தால் வரும் இரட்டைப் பகடைச் சேதம்) சேர்த்தால் 4.35 எதிர் 3.48. ஐந்தில் ஒரு பங்கு சேதம் குறைகிறது. ஒரே மாடிஃபையர் பட வாய்ப்பிலும் சேதத்திலும் இரண்டு முறை நுழைவதால் வரும் விளைவு இது. ஆட்டக்காரர்கள் யாரும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை, ஆனால் நாலு சண்டை முடிந்ததும் கை உணர்ந்துவிடும்.

பகடை மாறினால் கனமும் மாறும். 2டி6ல் (இரண்டு ஆறுமுகப் பகடை) 7 அல்லது அதற்கு மேல் எடுக்கும் ஆட்டங்களில் ஒரே ஒரு +1, வெற்றி வாய்ப்பை 58லிருந்து 72 சதவீதத்துக்குத் தள்ளுகிறது. டி20க்கு (இருபதுமுகப் பகடை) எழுதிய கலாசார +1ஐ அப்படியே அங்கே கொண்டு போகக் கூடாது.

2024 விதி பற்றி: பூட்டு அப்படியே இருக்கிறது, கதவுதான் மாறியிருக்கிறது. 16 பேக்கிரவுண்டுகள், ஒவ்வொன்றுக்கும் மூன்று ஸ்டாட், அந்த மூன்றுக்குள் +2/+1 அல்லது +1/+1/+1. சேஜுக்கு கான்ஸ்டிட்யூஷன், இன்டெலிஜென்ஸ், விஸ்டம். ஃபார்மருக்கு ஸ்ட்ரெங்த், கான்ஸ்டிட்யூஷன், விஸ்டம். ஆக விவசாயக் குடும்பத்து விசார்ட் மறுபடியும் 15லேயே நிற்கிறார். கூடவே ஒரு ஒரிஜின் ஃபீட்டும் பேக்கிரவுண்டோடு கட்டப்பட்டிருக்கிறது: ஃபார்மருக்கு டஃப், சேஜுக்கு மேஜிக் இனிஷியேட். புதிய பேக்கிரவுண்ட் அமைக்கும் வழி அதே 2024 டிஎம் (ஆட்டத்தை நடத்துபவர்) புத்தகத்தில் இருக்கிறது. அதைத் திறந்துவிடும் மேசையில்தான் இது உண்மையில் தீர்கிறது.

என் பரிந்துரை: ஸ்டாட் போனஸை யாரோடும் கட்டாதீர்கள். எல்லாருக்கும் +2 ஒன்று, +1 ஒன்று, விருப்பம்போல் வைத்துக்கொள்ளட்டும். உங்கள் உலகில் எல்லாரும் ஒரே உடலமைப்பு உள்ள மனிதர்கள் என்பதால் இதற்கு எதிராகச் சொல்ல விதிக்குள் காரணமே இல்லை. நாலு அடி உயரமுள்ளவரும் எட்டு அடி உயரமுள்ளவரும் ஒரே குழுவில் நடக்கும் உலகமாக இருந்தால் பேச்சு வேறு.

மசிக்குடுவை:

இருபதுமுகம் சொன்ன கணக்கு சரி. கூடவே ஒண்ணைக் கவனிங்க: ரத்தத்துல வர்றது எது, வளர்ப்புல வர்றது எதுன்னு பிரிக்காம ஒரே மூட்டையில கட்டி வச்சதுதான் இந்த விதிகளோட ஆரம்பச் சிக்கல்.

1978 ஆட்டக்காரர் புத்தகத்துல டுவார்ஃபுக்கு கான்ஸ்டிட்யூஷன் +1, கரிஸ்மா -1. ஹாஃப்-ஆர்க்குக்கு ஸ்ட்ரெங்த் +1, கான்ஸ்டிட்யூஷன் +1, கரிஸ்மா -2. 2000ல வந்த 3வது பதிப்புல ஹாஃப்-ஆர்க்குக்கு ஸ்ட்ரெங்த் +2, இன்டெலிஜென்ஸ் -2, கரிஸ்மா -2. 2008ல வந்த 4வது பதிப்புல மைனஸை எடுத்துட்டு பிளஸ் மட்டும் வச்சாங்க, 2014லயும் பெரும்பாலும் அப்படித்தான். ஆனா அதே 2014 டுவார்ஃபைப் பாருங்க: இருட்டுல பார்வை, விஷத்தைத் தாங்குறது, இதெல்லாம் உடம்பு. பேட்டில்ஆக்ஸ், வார்ஹாமர் பயிற்சி, கல்வேலையோட வரலாறு தெரிஞ்சிருக்கிறது, இதெல்லாம் பள்ளிக்கூடம். ரெண்டும் ஒரே பட்டியல்ல வருது. கடலோர மனுஷங்க எடுத்து வளர்த்த டுவார்ஃப் குழந்தைக்கும் கல்தூணோட வயசு தெரியும்னு விதி சொல்லுது.

2020ல டாஷா புத்தகம் (டி&டி துணை விதிநூல்) ஸ்டாட் போனஸை எங்க வேணும்னாலும் மாத்திக்கலாம்னு அனுமதிச்சுது. அடுத்தது என்ன ஆச்சுங்கிறது உங்களுக்கு நல்ல பாடம். மவுண்டன் டுவார்ஃபுக்கு மத்த பெரும்பாலானவங்களைப் போல +2/+1 இல்ல, +2/+2. காரணம், அவங்களுக்கு இருந்த லைட், மீடியம் ஆர்மர் பயிற்சி சண்டைக்காரங்களுக்கு வீண். அந்த கிளாஸ்ல (கேரக்டரோட தொழில்) அது ஏற்கெனவே கிடைக்கும். அந்தக் குறைக்கு ஈடா ஸ்டாட் கூடுதல். போனஸை நகர்த்தலாம்னு ஆனதும் +2 இன்டெலிஜென்ஸ், +2 கான்ஸ்டிட்யூஷன், மேல மீடியம் ஆர்மர்னு விசார்டுக்கு அதைவிட நல்ல தேர்வு கிடைக்கிறதே கஷ்டம்னு ஆச்சு. ஒரு பாகத்தை மட்டும் அவிழ்த்துவிட்டு மத்ததைக் கட்டியே வச்சா மொத்த எடையும் ஒரு பக்கமா சாயும். நீங்க போனஸை விடுவிக்கும்போது மிச்சம் இருக்கிற ஒவ்வொரு வரியையும் மறுபடி விலை போட்டுப் பாருங்க.

பிரிச்சுக் காட்டின விதிகள்ல ரெண்டைப் படிச்சுப் பாருங்க. பாத்ஃபைண்டர் 2வது பதிப்பு (2019): ஆன்செஸ்ட்ரி (இனம்), அதுக்குள்ள ஹெரிடேஜ் (அதோட கிளை), தனியா பேக்கிரவுண்ட். ஆன்செஸ்ட்ரி ஃபீட் 1, 5, 9, 13, 17ங்கிற லெவல்கள்ல ஒண்ணொண்ணா வரும். அதனால கலாசாரம் ஆரம்பத்துல ஒரு தடவை வந்துட்டுக் காணாமப் போறதில்ல. 'அடாப்டட் ஆன்செஸ்ட்ரி'ன்னு ஒரு ஜெனரல் ஃபீட் இருக்கு: வேற மக்களோட வாழ்க்கையில ஊறினவர் அவங்களோட ஆன்செஸ்ட்ரி ஃபீட்களை எடுத்துக்கலாம், அந்த உடலமைப்பு தேவைப்படுறதை மட்டும் எடுக்க முடியாது. உடம்புக்கும் வளர்ப்புக்கும் நடுவுல இவ்வளவு சுத்தமா கோடு போட்ட ஒரு வரியை நான் வேற எங்கயும் பார்க்கல. இன்னொண்ணு லெவல் அப் (2021): ஹெரிடேஜ், கல்ச்சர், பேக்கிரவுண்ட் மூணும் தனித்தனித் தேர்வு. ஸ்டாட் உயர்வு பேக்கிரவுண்டுல இருந்து வருது, அதுலயும் ஒரு +1தான் கட்டுப்பட்டது, அடுத்த +1 உங்க இஷ்டம்.

உங்க பட்டியல்ல என்னை ரொம்ப உறுத்துறது மதில்நகரத்து இன்டெலிஜென்ஸ் +2. ஏடு படிச்சவங்களுக்கு அறிவு அதிகம், கல்லுடைக்கிறவங்களுக்கு உடம்பு அதிகம்னு ஒரு மனித சமூகத்தையே எண்ணுல எழுதி வைக்கிறீங்க. படிப்புக்கு ஸ்கில் இருக்கு, ஹிஸ்டரி கொடுங்க, ஒரு மொழி கொடுங்க. மூளைக்கும் பேச்சுக்கும் குணத்துக்கும் உரிய மூணு ஸ்டாட்டையும் (இன்டெலிஜென்ஸ், கரிஸ்மா, விஸ்டம்) மனித இனக்குழுக்களோட சேர்த்து எழுதவே கூடாது. இதுல நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

நெடும்பயணி:

மேலே சொன்னவற்றில் பாதிக்கு உடன்படுகிறேன். ஆனால் 'கலாசாரத்துக்கு எண் வேண்டாம்' என்ற முடிவுக்கு அவசரமாகப் போக வேண்டாம். டி&டி ஒன்றையே பார்த்துக்கொண்டிருந்தால் ஸ்டாட் போனஸ் ஒன்றுதான் வழி என்று தோன்றும். கலாசாரத்தையே மையமாக வைத்த ஆட்டங்கள் பல பத்தாண்டுகளாக வேறு மாதிரி எண்களைப் பயன்படுத்துகின்றன.

பெண்டிராகனை எடுத்துக்கொள்ளுங்கள். கிரெக் ஸ்டாஃபோர்ட் 1985ல் வெளியிட்டது. குணங்கள் 13 ஜோடிகளாக இருக்கும். ஒவ்வொரு ஜோடியின் கூட்டுத்தொகை 20. அடக்கம் 14 என்றால் கர்வம் 6. ஒவ்வொரு சமயமும் ஐந்து குணங்களைப் போற்றுகிறது. கிறிஸ்தவ வீரருக்கு அந்த ஐந்தில் அடக்கம் உண்டு. பேகன் (பழைய பல தெய்வ வழிபாட்டு) வீரருக்கு அதே ஜோடியின் மறுமுனையான கர்வம். 5வது பதிப்பில் கிறிஸ்தவ வீரர் தன் ஐந்து குணங்களையும் 16 அல்லது அதற்கு மேல் வைத்திருந்தால் உயிர்ப்புள்ளியில் +6 கிடைக்கும். இந்த அமைப்பு என்ன செய்கிறது என்று கவனியுங்கள். 'இந்த மக்கள் இப்படிப்பட்டவர்கள்' என்று அது சொல்வதில்லை. 'இந்த மக்கள் இதை மெச்சுகிறார்கள்' என்கிறது. மெச்சுதலைத் தேடிப் போவதா, எதிர்த்து நிற்பதா என்பது ஆட்டக்காரர் கையில். கலாசாரம் ஒவ்வொரு அமர்விலும் உயிரோடு இருக்கிறது, யாருக்கும் பிறப்பிலேயே வாள் கூர்மையாகவும் இல்லை.

மித்ராஸ் (2016) வேறு பாதை. அங்கே கலாசாரத்துக்கு 100 புள்ளிகள், அந்தக் கலாசாரத்தின் ஸ்கில்களுக்குள் பிரித்துப் போட வேண்டும். ஒரு ஸ்கில்லில் போட்டால் குறைந்தது 5, அதிகபட்சம் 15. இந்த 15 என்ற வரம்பில்தான் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது: ஆறு ஸ்கில்லில் முழுதாகப் போட்டாலும் 90தான் தீரும், ஏழாவதைத் தொட்டே ஆக வேண்டும். கலாசாரம் அகலத்தைத் தருகிறது, ஆழத்தைத் தொழிலும் தனி முயற்சியும் தருகின்றன. ஒரே கலாசாரத்து இருவரின் ஷீட் ஒரே மாதிரி இருக்காது.

கர்ப்ஸ் 4வது பதிப்பு (2004) போனஸுக்குப் பதிலாகப் பழக்கமின்மையை அளக்கிறது. சொந்தக் கலாசாரம் இலவசம். இன்னொரு கலாசாரத்தில் பழக்கம் வேண்டுமானால் 1 புள்ளி, மனிதரல்லாத அந்நியக் கலாசாரம் என்றால் 2. பழக்கம் இல்லாத இடத்தில் கலாசாரம் சார்ந்த ஸ்கில்களுக்கு -3. 3டி6ல் இந்த -3 எல்லாரையும் ஒரே மாதிரி அடிப்பதில்லை. 13 ஸ்கில் உள்ளவர் 84 சதவீதத்திலிருந்து 50க்கு விழுகிறார். 16 உள்ளவர் 98லிருந்து 84க்குத்தான் இறங்குகிறார். தேர்ந்த தூதர் அந்நிய அவையிலும் சமாளிப்பார், சுமாரானவர் தடுமாறுவார் என்பது பகடையிலேயே வந்துவிடுகிறது. இதில் எனக்குப் பிடித்தது, எந்த மக்களும் உயர்வோ தாழ்வோ இல்லை. யார் எங்கே நிற்கிறார்கள் என்பதுதான் கேள்வி. மதில்நகரத்துக்காரர் புல்வெளியில் கால் வைத்த நொடியில் அவர்தான் அந்நியர்.

கரும்பகடைக்கு நான் சொல்வது: ஸ்டாட்டைத் தொடாதீர்கள், ஆனால் எண்ணே இல்லாமல் விடவும் வேண்டாம். சூழலோடு கட்டுங்கள்.

கரும்பகடை:

நிறைய தெளிஞ்சுது, நன்றி. ஸ்டாட் போனஸை எல்லாருக்கும் பொதுவா ஆக்கிட்டேன். கல்மேட்டாரை மட்டும் மாத்தி எழுதிப் பார்த்திருக்கேன், தப்பு இருந்தா சொல்லுங்க, அதுக்கப்புறம் மத்த மூணையும் எழுதறேன்.

கல்மேட்டார், ரெண்டாம் வரைவு:
கல்மேட்டு மொழி பேச, எழுத வரும்.
இந்த ஆறுல ரெண்டு: மேசன் கருவி, ஸ்மித் கருவி, ஹெர்பலிசம் கிட், அத்லெடிக்ஸ், மெடிசின், ஹிஸ்டரி.
பேட்டில்ஆக்ஸ், வார்ஹாமர் பயிற்சி.
லைட், மீடியம் ஆர்மர் பயிற்சி (சுரங்கக் காவல்).
மலையில் இருக்கும்போது எல்லா சர்வைவல் செக்குக்கும் அட்வான்டேஜ் (ரெண்டு பகடை உருட்டிப் பெரிய எண்ணை எடுக்கிறது).
மதில்நகரத்துக்குள்ள கரிஸ்மா செக்குகளுக்கு டிஸ்அட்வான்டேஜ் (ரெண்டுல சின்ன எண்ணை எடுக்கிறது), அங்க இவங்களை மதிக்க மாட்டாங்க.

இருபதுமுகம்:

வரி வரியாகப் போகிறேன்.

மீடியம் ஆர்மரை இன்றே எடுத்துவிடுங்கள். மசிக்குடுவை சொன்ன மவுண்டன் டுவார்ஃப் கதை இங்கே அப்படியே திரும்பும். டெக்ஸ்டெரிட்டி 14 உள்ள கல்மேட்டு விசார்ட், 50 பொன்னுக்கு ஸ்கேல் மெயில் வாங்கினால் ஏசி 16. ஸ்டெல்த்துக்கு டிஸ்அட்வான்டேஜ், அவ்வளவுதான் நஷ்டம். மற்ற விசார்ட் ஒரு முதல் நிலை ஸ்லாட்டை (மந்திரம் போடும் வாய்ப்பு) செலவழித்து மேஜ் ஆர்மர் போட்டால் 15. கல்மேட்டு விசார்ட் பின்னால் 750 பொன் சேர்ந்து ஹாஃப் பிளேட் வாங்கினால் 17. இதற்கு நேர்மாறாக, கல்மேட்டு ஃபைட்டருக்கு இந்த வரியால் ஒரு காசு பயனில்லை. மலைக்காரரைச் சண்டைக்காரராகக் காட்ட எழுதிய வரி, மந்திரவாதியை மலைக்கு அனுப்புகிறது.

ஆயுதப் பயிற்சியில் எதிர்ப்பக்கச் சிக்கல். ஃபைட்டர், பாலடின், பார்பேரியன், ரேஞ்சருக்கு மார்ஷியல் ஆயுதம் எல்லாமே தெரியும். விசார்டுக்கு வார்ஹாமர் கிடைத்தாலும் ஸ்ட்ரெங்த் 8ல் அவர் அதைத் தூக்கப் போவதில்லை. இரண்டு பக்கமும் வீண். வைத்துக்கொள்ள ஆசை இருந்தால், 'கிளாஸ் மூலம் இந்தப் பயிற்சி ஏற்கெனவே உள்ளவர் அதற்குப் பதில் ஒரு கருவிப் பயிற்சி எடுக்கலாம்' என்று சேர்த்துவிடுங்கள். ஸ்கில்லுக்கும் இதே வரி வேண்டும், இல்லாவிட்டால் பொருத்தமான கலாசாரத்தில் பிறந்தவருக்குத்தான் நஷ்டம் வரும்.

ஆறில் இரண்டு: கருவியும் ஸ்கில்லும் ஒரே பட்டியலில் இருந்தால் எல்லாரும் இரண்டு ஸ்கில்தான் எடுப்பார்கள். அத்லெடிக்ஸ் ஒரு அமர்வில் நாலு முறை வரும், மேசன் கருவி எப்போதாவதுதான் வரும். பட்டியலை உடைத்து, ஸ்கில்லில் ஒன்று, கருவியில் ஒன்று என்று ஆக்குங்கள். இரண்டு பட்டியலிலும் நாலு நாலு இருக்கட்டும். அந்த ஊரில் மருத்துவச்சி, கணக்கர், கள்ளச்சரக்கு கடத்துபவர், கோவேறு கழுதை ஓட்டுபவர் எல்லாரும் இருப்பார்களே. அவர்களில் ஒருவரையாவது இந்தப் பட்டியலை வைத்து உருவாக்க முடியாவிட்டால் பட்டியல் குறுகல் என்று அர்த்தம். மெடிசின், அனிமல் ஹாண்ட்லிங், டிசெப்ஷன், ஹிஸ்டரி என்று போட்டுப் பாருங்கள். அத்லெடிக்ஸை வேண்டுமென்றே விடுகிறேன், அது வந்தால் மற்ற மூன்றையும் யாரும் எடுக்க மாட்டார்கள்.

மலையில் அட்வான்டேஜ்: 11 அல்லது அதற்கு மேல் எடுக்க வேண்டிய ரோலில் அட்வான்டேஜ், 50 சதவீதத்தை 75 ஆக்கும். அதாவது ஒரு +5க்குச் சமம். 2014 ரேஞ்சருக்கு அவருடைய சொந்த நிலப்பரப்பில் புரொஃபிஷியன்சி (பயிற்சி போனஸ்) இரட்டிப்பாகும், லெவல் 1ல் அது கூடுதலாக +2 மட்டுமே. ஒரு கிளாஸின் அடையாளமான திறனை உங்கள் கலாசார வரி மிதித்துவிடுகிறது. கதை மலையிலேயே நடந்தால் இது எப்போதும் எரியும் விளக்கு. கடலில் நடந்தால் ஏற்றவே ஏற்றாத விளக்கு. இரண்டுமே நல்ல விதி இல்லை. நெடும்பயணி சொன்ன 'சூழலோடு கட்டுங்கள்' என்பதை நிலப்பரப்போடு கட்டாமல் மக்களோடும் வழக்கத்தோடும் கட்டினால் எந்த ஊரில் கதை நடந்தாலும் வேலை செய்யும்.

நெடும்பயணி:

டிஸ்அட்வான்டேஜ் வரிக்கு நான் பதில் சொல்கிறேன். ஒரு நகரம் முழுக்க, எல்லாக் கரிஸ்மா செக்குக்கும் என்றால் அந்த ஆட்டக்காரர் நகரத்தில் வாயே திறக்க மாட்டார். பேசுவதை உப்பங்கழி பார்ட் (பாணர்) பார்த்துக்கொள்வார். பாகுபாட்டைக் காட்ட நினைத்து, பாகுபாட்டுக்கு ஆளாகும் கேரக்டரைக் காட்சியிலிருந்தே வெளியேற்றிவிடுகிறீர்கள்.

டிஎம் புத்தகத்தில் என்பிசி (டிஎம் ஆட்டும் கதாபாத்திரங்கள்) மனப்பான்மைக்கு மூன்று படிகள் இருக்கின்றன: நட்பு, அலட்சியம், பகை. அதையே பிடித்துக்கொள்ளுங்கள். நகரம் என்று பொதுவாக எழுதாமல், யார் என்று எழுதுங்கள். 'கட்டடக் கணக்கு அலுவலகம் கல்மேட்டாரிடம் ஒரு படி கீழே தொடங்கும். கல்தச்சர் கூட்டம் ஒரு படி மேலே தொடங்கும்.' தடை ஒன்று, கதவு ஒன்று. இப்போது ஆட்டக்காரருக்குச் செய்ய வேலை இருக்கிறது: கல்தச்சர்களைப் பிடித்து அலுவலகத்துக்குள் நுழையலாம். இதே போல நாலு கலாசாரத்துக்கும் இரண்டிரண்டு என்று எட்டு வரி எழுதினால் நகரத்துக்கான அரசியலே தயார். பாகுபாடு கதைக்குள் வரலாமா, எவ்வளவு வரலாம் என்பதைக் கேரக்டர் உருவாக்கும் முதல் அமர்விலேயே அஞ்சு பேரிடமும் கேளுங்கள். ஒருவர் வேண்டாம் என்றால் அந்த வரியை எடுத்துவிட்டு, கதவை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

மசிக்குடுவை:

போனஸே இல்லாம கலாசாரத்தை மேசையில நிறுத்துறதுக்கு ஒரு வழி இருக்கு: எல்லாருக்கும் ஒரே ரோல், ஒரே டிசி, ஆனா ஜெயிச்சவர் எந்த மக்கள்ல வளர்ந்தாரோ அதைப் பொறுத்துப் பதில் வேற.

உங்க உலகத்துலயே காட்டுறேன். பூட்டின ஒரு உப்புக் கிடங்கு. கதவுல உப்புக் களிம்பால மூணு கோடு, நடுக்கோடு அழிஞ்சிருக்கு. இன்வெஸ்டிகேஷன் டிசி 12. உப்பங்கழியார் ஜெயிச்சா: மூணு கோடுன்னா கடனுக்குப் பிடிச்ச சரக்கு. நடுக்கோட்டை அழிச்சிருந்தா பாதிக் கடன் தீர்ந்துடுச்சு, சாட்சி ஒருத்தர் கூட இருந்தா கடனாளி கதவைத் திறந்து பார்க்க உரிமை உண்டு. மதில்நகரார் ஜெயிச்சா: இந்தக் கோட்டுக்கு நகரச் சட்டத்துல மதிப்பே இல்ல, ஆனா கிடங்கோட உரிமையாளர் பேரு வரி ஏட்டுல இருந்தே ஆகணும், ஏடு எந்த அலுவலகத்துல இருக்குன்னும் தெரியும். கல்மேட்டார் ஜெயிச்சா: வாசப்படிக் கல்லு தேய்ஞ்சிருக்கிற விதத்தைப் பார்த்தா பீப்பாயை உள்பக்கமா கீழ உருட்டியிருக்காங்க, அப்போ அடியில நிலவறை இருக்கு. புல்வெளியார் ஜெயிச்சா: வாசல்ல கிடக்கிற சாணி நேத்து ராத்திரியோடது, லாடம் வெளியூர் லாடம்.

நாலு பதில்ல எதுவும் மத்ததைவிட உசத்தி இல்ல. நாலும் நாலு வேற வழியைத் திறக்குது. கட்டாயம் கவனிக்க வேண்டியது ரெண்டு. யாருக்கும் 'உனக்கு ஒண்ணும் தெரியல'ன்னு பதில் வரக் கூடாது, வந்தா அந்த ஆட்டக்காரர் அடுத்த தடவை பகடையையே எடுக்க மாட்டார். அப்புறம், கதை நகர்றதுக்கு அத்தியாவசியமான துப்பை ஒரே கலாசாரத்துக்குள்ள பூட்டி வைக்காதீங்க. அந்த ஆள் அன்னிக்கு வரலன்னா ஆட்டம் நின்னுடும். அத்தியாவசியமானதை நாலுலயும் வைங்க, மேல் விவரத்தை மட்டும் மாத்துங்க. ஒவ்வொரு இடத்துக்கும் இப்படி எழுத வேண்டியதில்ல, ஒரு அமர்வுக்கு ரெண்டு இடம் போதும். மேசையில இல்லாத கலாசாரத்துக்கு எழுதி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

கூடவே 'ரோல் வேண்டாம்' பட்டியல் ஒண்ணு. கலாசாரத்துக்கு மூணு வேலை. கல்மேட்டாருக்கு: தாங்குக்கட்டை சரியா இருக்கான்னு பார்த்ததும் சொல்றது, சுரங்க வாசலைக் குறிகளை வச்சு அடையாளம் காண்றது, இறந்தவரை அவங்க முறைப்படி அடக்கம் செய்யறது. இதுக்குப் பகடையே கிடையாது. மத்தவங்க செய்ய முயன்றா ரோல் உண்டு. அட்வான்டேஜைவிட இதோட பெருமை ஆட்டக்காரருக்கு நல்லாவே தெரியும், ரேஞ்சரோட வேலையையும் பறிக்காது.

கரும்பகடை:

இது நல்லா இருக்கு. கடைசியா ஒண்ணு கேட்டுக்கறேன். கல்மேட்டுப் பெற்றோருக்குப் பிறந்து மதில்நகரத்துல வளர்ந்த கேரக்டரை ஒருத்தர் கேக்கிறார். ரெண்டு கலாசாரப் பயனையும் கொடுத்தா மத்தவங்களைவிட அதிகமாயிடாதா?

மசிக்குடுவை:

எண்ணிக்கை மாறக் கூடாது, எங்கிருந்து எடுக்கிறாங்கங்கிறதுதான் மாறணும். ஸ்கில் ஒரு பட்டியல்ல இருந்து, கருவி இன்னொரு பட்டியல்ல இருந்து. 'ரோல் வேண்டாம்' வேலை மூணுல ரெண்டு வளர்ந்த ஊரோடது, ஒண்ணு வீட்டுல கத்துக்கிட்டது. அடக்க முறை வீட்டுல இருந்து வர்றதுதான் இயல்பு, தாங்குக்கட்டை பார்க்கிறது சுரங்கத்துக்குள்ள போனாத்தான் வரும். என்பிசி மனப்பான்மைல ரெண்டு பக்கத்தோட தடையையும் அவர் தலையில ஏத்தாதீங்க. ஒரு தடை, ஒரு கதவு, எதுன்னு அவரே தேர்ந்தெடுக்கட்டும்.

கிடங்கு மாதிரி இடங்கள்ல ஜெயிச்சா ரெண்டு பதிலையும் கொடுத்துட வேண்டாம். ரோல் போடறதுக்கு முன்னாடியே 'எந்தக் கண்ணால பார்க்கறே?'ன்னு கேளுங்க, அவர் சொன்ன பதிலை மட்டும் கொடுங்க.

மொழியில மட்டும் தாராளமா இருக்கலாம். 2014 விதியிலேயே மனுஷனுக்குப் பொது மொழியோட இன்னொண்ணு உண்டு. மதில்நகரத்துல பொது மொழிதான் பேச்சுன்னு வச்சுட்டீங்கன்னா, அவருக்குக் கல்மேட்டு மொழி அந்த ரெண்டாவது இடத்துல உட்கார்ந்துடும். பேச வரும், படிக்க வராதுன்னு அவரே வைக்க விரும்பினா, மிச்சத்துக்கு ஒரு கருவிப் பயிற்சியைக் கூடக் கொடுத்துடுங்க.